நூறு வோல்ட் விருந்தாளிகள்

பிளக்கின் வடிவத்தை மாற்ற ஜார்ஜ் டவுனில் சில ரிங்கிட் போதும். எந்த ஹார்ட்வேர் கடையிலும் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஓர் அடாப்டர் தொங்கும். ஒரு பக்கம் தட்டையான இரண்டு பின்னுக்கு இடம். மறுபக்கம் மலேசியச் சுவரில் இறங்கும் மூன்று தடித்த பின். ஜப்பானிலிருந்து வந்த பழைய வீட்டுக் கணினி ஒன்றின் ஆயுள் பல நேரம் இந்த அடாப்டரோடுதான் முடிகிறது. அது மாற்றுவது வடிவத்தை மட்டும். சுவரில் இருப்பது 240 வோல்ட். கணினி எதிர்பார்த்து வந்தது 100.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டியது, இரும்பும் செம்புமாகக் கனக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. பினாங்கில் தமிழரானாலும் சீனரானாலும் மலாய்க்காரரானாலும் கடையில் கேட்பது ‘ஸ்டெப் டவுன்’ என்றுதான். ஜாலான் பிந்தால் தாலி என்ற ரோப் வாக் தெருவில் பழைய சாமான் கடை விரித்த காலத்திலும், பின்னர் சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிய லோரோங் கூலிட் சந்தையிலும், பழைய மின்சாதனங்களைத் தேடி வருகிறவர்களுக்கு இந்தப் பெட்டி அந்நியமானதல்ல. ஒரு பக்கம் 240, மறுபக்கம் 110 என்று அச்சிட்ட ஒட்டுத்தாள். நடுவில் ஒரு கைப்பிடி. தூக்கினால் தோள் இறங்கும். பினாங்குக்காரர் எவரும் கேட்டு வந்த தேவை அல்ல இது. லண்டன், பெர்லின், நியூயார்க், டோக்கியோ ஆகிய ஊர்களில் நூறாண்டுக்கு முன் எடுத்த முடிவுகள் இந்தத் தீவின் சுவரில் வந்து முட்டிக்கொண்டதால் பிறந்தது.

மலாயாவில் மின்சாரம் எரியத் தொடங்கிய கதையில் ஒரு தமிழர் உண்டு. 1894இல் சிலாங்கூரின் ராவாங்கில் ஈயச் சுரங்க வேலைக்கு மின்னாக்கியைக் கொண்டுவந்து பொருத்திய இருவர் லோக் யூ, கே. தம்புசாமிப் பிள்ளை. சிங்கப்பூரில் பிறந்து, சிலாங்கூர் அரசுக் கருவூலத்தில் தலைமை எழுத்தராக இருந்து, பிறகு சுரங்கத்திலும் ஒப்பந்தத்திலும் பெருஞ்செல்வம் சேர்த்தவர் தம்புசாமிப் பிள்ளை. பத்துமலை என்றதும் நினைவுக்கு வரும் பெயர் அவருடையது. மலாயாவின் முதல் மின்விளக்குகளோடும் அதே பெயர் ஒட்டியிருப்பது பலருக்குத் தெரிவதில்லை. அப்போது அந்த மின்சாரம் ஒரு சுரங்கத்துக்கும் அதைச் சுற்றிய ஊருக்குமே சொந்தம். பக்கத்து ஊரின் மின்சாரத்தோடு அது ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பினாங்கில் மின்சாரம் நகராட்சியின் வேலையாக வந்தது. 1904இல் ஜார்ஜ் டவுன் நகராட்சி தன் மின் விநியோகத்தைத் தொடங்கியது. 1906இல் மின்சார டிராம் ஓடியது. அடுத்து டிராலி பஸ்கள் வந்து, 1936இல் டிராமை முழுதாக அனுப்பிவிட்டு, தாமும் 1961 வரை ஓடின. 1923இல் பினாங்கு மலைக்கு ரயில் ஏறியதும் மின்சாரத்தால்தான். கோலாலம்பூரில் 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்து, 1965இல் அது தேசிய மின்சார வாரியமாகப் பெயர் மாறிய பிறகும் ஜார்ஜ் டவுனின் மின்சாரம் நகராட்சியின் கையிலேயே இருந்தது. 1976இல்தான் வாரியத்துக்குப் போனது. 1990இல் அந்த வாரியம் தெனாகா நேஷனல் ஆனது. நிர்வாகம் கை மாறிக்கொண்டே இருக்க, பொறியாளர்களும் இயந்திரங்களும் வந்த வழி மாறவில்லை. பிரிட்டிஷ் வழக்கத்தில் வளர்ந்த வலை 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று நிலைத்தது. போருக்குப் பின் பிரிட்டன் வகுத்த, உள்ளேயே ஃபியூஸ் வைத்த மூன்று பின் பிளக்கும் பின்னாலேயே வந்தது. கொடி இறங்கிய பிறகும் அந்தப் பிளக் இறங்கவில்லை.

உலகம் முழுதும் ஒரே மின்னழுத்தம் ஏன் இல்லை என்பதற்கு விடை பழைய பல்புகளில் இருக்கிறது. எடிசன் 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்சாரம் விற்கத் தொடங்கியபோது அவருடைய கரி இழை விளக்குக்கு ஏற்றது ஏறத்தாழ 110 வோல்ட். விளக்குக்காக வைத்த எண் அமெரிக்கச் சுவர்களில் நிரந்தரமாகி, பின்னர் சற்றே ஏறி 120 ஆனது. ஐரோப்பாவில் பெர்லினின் மின் நிறுவனம் 1899இல் வேறு கணக்குப் போட்டது. மின்னழுத்தத்தை இரட்டித்தால் அதே திறனைப் பாதி மின்னோட்டத்தில் அனுப்பலாம். கம்பியில் செம்பு மிச்சம். வாடிக்கையாளர்களின் பழைய சாதனங்களை மாற்றிக் கொடுத்தாலும் லாபம்தான் என்று கண்டு 220க்குப் போனார்கள். ஐரோப்பாவும் அதன் குடியேற்ற நாடுகளும் அந்த உயரத்தில் நின்றன. செம்புச் செலவைப் பற்றிய அந்தக் கணக்குதான் இன்று லோரோங் கூலிட்டில் ஒருவரைச் செம்பும் இரும்புமான பெட்டி தேட வைக்கிறது.

ஜப்பானின் கதை இன்னும் விசித்திரம். அது தொடக்கத்திலேயே 100 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டது. 1890களில் டோக்கியோ, ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்திடம் 50 ஹெர்ட்ஸ் மின்னாக்கிகளை வாங்கியது. ஒசாகா, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் 60 ஹெர்ட்ஸ் மின்னாக்கிகளை வாங்கியது. இரண்டு கொள்முதல்களும் நாட்டை நிரந்தரமாக இரண்டாக்கின. இன்றும் ஃபுஜி ஆற்றுக்குக் கிழக்கே ஐம்பது, மேற்கே அறுபது. ஜப்பானியருக்கு இது தலைவலி. பினாங்குக்கோ எதிர்பாராத நன்மை: நாடு முழுக்க விற்க வேண்டிய ஜப்பானியச் சாதனங்களில் பெரும்பாலானவை இரண்டு அலைவெண்ணையும் தாங்கும்படிதான் செய்யப்பட்டன. பினாங்கின் 50 ஹெர்ட்ஸ் அவற்றுக்குப் புதிதில்லை. வோல்ட் மட்டும்தான் சிக்கல். அமெரிக்கச் சாமானுக்கு இந்தச் சலுகை இல்லை.

கணினிக்கு வெகு முன்பே இந்தச் சிக்கலை பினாங்கு வானொலியில் சந்தித்தது. 1934இல் பினாங்கு வயர்லெஸ் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியபோது கேட்பதற்கு வால்வு ரேடியோ வேண்டியிருந்தது. ஐரோப்பிய ரேடியோக்களின் பின்புறத்தில் 110, 127, 220, 240 என்று எண்கள் எழுதிய சிறு வட்டத் திருகி இருக்கும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் எந்த முனையை இணைப்பது என்பதை அது தீர்மானிக்கும். அமெரிக்காவின் மலிவு ரேடியோக்களில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வால்வுகளின் இழைகளை வரிசையாகக் கோத்து நேரே சுவர் மின்சாரத்தில் மாட்டிவிடுவார்கள். 220 வோல்ட் நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும்போது மிச்ச வோல்ட்டைத் தின்பதற்காக மின்கம்பிக்குள்ளேயே ஒரு மின்தடைக் கம்பியை ஓட்டினார்கள். ரேடியோ பாடப் பாட அந்த வயர் சுடும். வயர் நீளமாகத் தொங்குகிறதே என்று யாராவது நறுக்கினால் மின்தடை குறைந்து வால்வுகள் போய்விடும். இப்படி ஓர் அமைப்பை விற்பனைக்கு அனுப்பியவர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

பிறகு வந்தது இசைத்தட்டு. பழைய ரெக்கார்ட் பிளேயர்களில் தட்டைச் சுழற்றும் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பின்பற்றிச் சுழலும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த அமெரிக்க பிளேயரை ஸ்டெப் டவுன் வழியாக மாட்டினால் வோல்ட் சரியாகிவிடும், ஹெர்ட்ஸ் சரியாகாது. தட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். பாட்டு மெதுவாகி, சுருதி ஏறத்தாழ ஒன்றரைக் கட்டை இறங்கும். டி.எம். சௌந்தரராஜனின் கம்பீரம் கிணற்றுக்குள் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மரால் எது முடியும், எது முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காதுக்குச் சொல்லும் சோதனை வேறில்லை.

சுங்கவரியில்லாத் துறைமுகமாக பினாங்கு இருந்தவரை உலகத்தின் மின்சாதனங்கள் இங்கே வந்து இறங்கின. சில மறுபடி ஏறின. 1926இல் கட்டிய ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த காலம் அது; எழுபதுகளில் அந்தத் தடத்தை ‘எம்.வி. சிதம்பரம்’ ஏற்றுக்கொண்டது. ஊருக்குத் திரும்புகிறவரின் பெட்டியில் டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர், கைக்கடிகாரம் இருக்கும் என்பது தஞ்சாவூர், இராமநாதபுரம் வட்டார வீடுகளுக்குத் தெரியும். இந்தியாவும் அதை ஒட்டிய 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் நாடு. ஆகவே பினாங்கில் ஓடிய பெட்டி நாகப்பட்டினத்திலும் ஓடும். பிளக்கை மட்டும் வெட்டி வேறு மாட்டினால் போதும். இரண்டு கரையிலும் மின்சாரம் ஒரே பிரிட்டிஷ் பாடசாலையில் படித்தது.

1969இல் அந்தத் துறைமுகச் சலுகை போனது. வேலையின்மையோடு தீவை ஏற்ற முதலமைச்சர் லிம் சோங் யூ, பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை அமைத்து, 1972இல் பாயான் லெப்பாஸில் சுங்கவரி விலக்கு மண்டலத்தைத் திறந்தார். நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்டு, ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரானிக்ஸ், ராபர்ட் போஷ் ஆகியவை முதலில் வந்தன. ‘எட்டு சாமுராய்கள்’ என்பது அவற்றுக்கு ஊரில் வழங்கும் பெயர். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகத் தொழிற்சாலை வைத்தது இங்கேதான். 1975இல் அது தீயில் எரிந்து போயும் திரும்பக் கட்டப்பட்டது. கம்போங்குகளிலிருந்தும் தோட்டப்புறங்களிலிருந்தும் வந்த பெண்கள் நுண்ணோக்கியில் கண் வைத்து, மயிரிழையினும் மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தார்கள். அந்தச் சில்லுகளின் முதுகில் ‘மலேசியா’ என்று அச்சானது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் உலகின் ஏதோ ஒரு மூலையில் திறந்து பார்த்த கணினிக்குள் அந்தப் பெயர் தென்பட்டது. சில்லு பினாங்கைச் சேர்ந்தது. ஆனால் அதைத் தாங்கிய கணினி அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கோ ஜப்பானின் 100 வோல்ட்டுக்கோ செய்தது. சில்லுக்கு வேண்டியதோ வெறும் 5 வோல்ட். நடுவில் இருக்கும் மின்வழங்கிதான் எந்த நாட்டுக் குடிமகன் என்று அடம்பிடித்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரசியலும் இந்த வோல்ட் கணக்கில் வந்து சேர்ந்தது. 1981இல் மகாதீர் அரசு பிரிட்டிஷ் சரக்கைக் கடைசியாக வாங்குங்கள் என்றது. 1982இல் கிழக்கே பாருங்கள் என்று ஜப்பானைக் காட்டியது. பிரிட்டனில் வீட்டுக் கணினிகள் பரவியதும் சரியாக அந்த ஆண்டுகளில்தான். ஏக்கார்னின் பி.பி.சி. மைக்ரோ 1981 இறுதியில், சிங்க்ளேரின் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலில். கொள்கை எதுவாக இருந்தாலும் மலேசியச் சுவருக்கு இந்தப் பிரிட்டிஷ் கணினிகள்தான் உறவினர். பி.பி.சி. மைக்ரோவை அப்படியே மாட்டலாம். ஸ்பெக்ட்ரத்தின் கறுப்பு அடாப்டர் 240ஐ 9 வோல்ட் நேர்மின்சாரமாக்கித் தரும். ஸ்டெப் டவுனுக்கு வேலையே இல்லை. தொல்லை வந்தது வேறு வழியில். பிரிட்டனும் மலேசியாவும் வண்ணத்துக்கு ஒரே ‘பால்’ முறையைத்தான் கையாண்டன. ஆனால் படத்துக்கும் ஒலிக்கும் இடையில் பிரிட்டன் வைத்த இடைவெளி 6 மெகாஹெர்ட்ஸ், மலேசியா வைத்தது 5.5. ஸ்பெக்ட்ரத்தின் ஒலிபெருக்கி உள்ளேயே இருந்ததால் அது தப்பித்தது. பிரிட்டனில் வாங்கிய கொமடோர் 64ஐ இங்கே தொலைக்காட்சியின் ஆண்டெனா துளையில் மாட்டினால் படம் தெளிவாக இருக்கும், இசை இரைச்சலாக வரும்.

ஆப்பிள் II வேறு வகை. 1977இல் வந்த அந்தக் கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்தது, கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சுவிட்சிங் மின்வழங்கி. சுவர் மின்சாரத்தை முதலில் உயர் நேர்மின்னழுத்தமாக்கி, வேகமாக வெட்டி, சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கும் முறை அது. இந்த முறையில் 120க்கும் 240க்கும் உள்ள வேறுபாட்டை ஓர் இணைப்பை மாற்றித் தீர்த்துவிடலாம். தைவானிலும் ஹாங்காங்கிலும் செய்து தென்கிழக்காசியா முழுவதும் விற்ற ஆப்பிள் நகல்களும், அவற்றைத் தொடர்ந்த ஐ.பி.எம். நகல்களும் இந்த வசதியோடுதான் வந்தன. பெட்டியின் பின்னால் சிவப்புச் சிறு சுவிட்ச்; ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230.

அந்தச் சுவிட்சின் சூட்சுமம் தெரிந்தால் அதைத் தொடவே கை நடுங்கும். 115 பக்கம் வைத்தால் மின்வழங்கி தன்னிடம் வரும் அழுத்தத்தை இரட்டிக்கும். 240 வோல்ட்டின் உச்சி 339, இரட்டித்தால் 678. அதைத் தாங்க உள்ளே இருப்பவை தலா 200 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டு. கணினியை வாங்கி வந்து, சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாராமல் சுவரில் மாட்டினால் வெடிச்சத்தமும் மீன் கருகியது போன்ற நாற்றமும்தான் மிஞ்சும். தவறு நேர் எதிராக நடந்தால், அதாவது 230இல் வைத்துவிட்டு 115 கொடுத்தால், கணினி உயிர் பெறாது. அவ்வளவுதான், சேதம் இல்லை. ஆகவே ஒரு பழைய பெட்டி எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் சுவிட்சை 230 பக்கம் தள்ளிவிட்டுத் தொடங்குவதே பழுதுபார்ப்பவர்களின் பழக்கம்.

ஜப்பானியக் கணினிகளில்தான் ஸ்டெப் டவுனுக்கு உண்மையான அரசாட்சி. 1983 ஜூலையில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கணினி வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் எம்.எஸ்.எக்ஸ். என்ற பொதுத் தரம் அறிவிக்கப்பட்டு, சோனி, நேஷனல், தோஷிபா, சான்யோ எல்லாம் அதன்படி கணினிகள் செய்யத் தொடங்கின. ஃபேமிகாமின் அடாப்டர் 100 வோல்ட்டை வாங்கி 10 வோல்ட் நேர்மின்சாரம் தரும். அதை 240இல் மாட்டினால் சற்று நேரத்தில் உள்ளிருக்கும் மெல்லிய செம்புக்கம்பி கருகும். இதற்கு ஸ்டெப் டவுன் வாங்குவது காசுக்குக் கேடு. கணினிக்குள் 5 வோல்ட்டுக்குச் சீராக்கும் பகுதி இருப்பதால், 240இல் ஓடும் சாதாரண 9 வோல்ட் நேர்மின் அடாப்டர் போதும்; நடுமுனை எதிர்மின்னாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆனால் படம் பார்க்க அதற்குமேல் ஒரு தடை இருந்தது. ஃபேமிகாம் ஒளிபரப்பியது ஜப்பானின் ஒன்றாம், இரண்டாம் சேனல்களில். அவை 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், மலேசியாவில் எஃப்.எம். வானொலி இருக்கும் இடத்தில் இருந்தன. மலேசியத் தொலைக்காட்சியைத் திருகித் திருகிப் பார்த்தாலும் அந்த இடம் வராது. ‘மைக்ரோ ஜீனியஸ்’ போன்ற தைவான் நகல்கள் இந்த வட்டாரத்தில் செழித்ததற்கு விலை மட்டும் காரணமில்லை. அவை நேராக ‘பால்’ படம் தந்தன.

மின்வழங்கி உள்ளேயே பொருத்திய கணினிகளுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. ஜப்பானுக்குள் மட்டும் விற்ற எம்.எஸ்.எக்ஸ். கணினிகள், என்.இ.சி.யின் 9801 வரிசை, ஷார்ப் 1987இல் வெளியிட்ட எக்ஸ்68000, ஃபுஜிட்சுவின் எஃப்.எம். டவுன்ஸ் ஆகியவை ஜப்பானிய ஏலத் தளங்கள் வழியாக இன்று உலகெங்கும் போகின்றன. அவற்றின் பின்னால் 100 வோல்ட் என்று இருக்கும். கடையில் இருக்கும் ஸ்டெப் டவுனோ 110 என்கிறது. பத்து வோல்ட்டில் என்ன வந்துவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்பது நல்லது.

மலேசியா 2008 ஜனவரி 1 முதல் தன் மின்னழுத்தத்தை 230 வோல்ட் என்று அறிவித்தது. பத்து சதவீதம் ஏறலாம், ஆறு சதவீதம் இறங்கலாம். அதாவது 253 வரை வந்தாலும் சட்டப்படி சரி. பழைய 240ம் இந்த எல்லைக்குள் வசதியாக உட்கார்ந்துகொள்ளும் என்பதால் பெயர் மாறியதைச் சுவர்கள் கவனிக்கவே இல்லை. 240க்கு 110 என்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு 253 வந்தால் வெளியே 116 போகும். ஜப்பானில் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 95க்கும் 107க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கணினியை வடிவமைத்தவர் 116ஐ நினைத்தே பார்த்திருக்க மாட்டார். 240க்கு 100 என்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் 253 வந்தாலும் 105.4தான், எல்லைக்குள் நிற்கும். ஆகவே ஜப்பானியக் கணினிக்கு 100 முனை உள்ள பெட்டியைத் தேடிப் பிடிப்பது வீண் பிடிவாதம் அல்ல.

அமெரிக்க அடாப்டருக்கு இதே 110 பெட்டி பொருத்தம் என்பது வேடிக்கை. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் ஓடும் காந்தப் பாய்வு வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்த அளவில் ஏறும். 120 வோல்ட்டும் 60 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் 2; அதே 120ஐ 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் 2.4. இருபது சதவீதம் கூடுதல். இரும்பு நிறைந்துபோய் அடாப்டர் கொதிக்கும். 110 கொடுத்தால் 2.2தான். குறைவாகத் தருகிறதே என்று தோன்றும் பெட்டிதான் இங்கே காப்பாற்றுகிறது.

பெட்டியின் உள்ளமைப்பையும் பார்க்காமல் வாங்கக் கூடாது. விலை குறைந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே சுற்றில் நடுவே ஒரு முனை எடுத்த ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். வேலை செய்யும், ஆனால் சுவர் மின்சாரமும் கணினியும் ஒரே கம்பியில் இருக்கும். கீழ்ப்பகுதிச் சுற்று அறுந்தால் 240 முழுதாகக் கணினிக்குப் போகும். இரண்டு தனிச் சுற்று உள்ள பெட்டி அதிக எடை, அதிக விலை, அதிக நிம்மதி. ஒட்டுத்தாளில் போட்ட வாட் அளவில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. கணினியோடு பழைய மானிட்டரையும் சேர்த்து மாட்டுகிறவர், மானிட்டர் உயிர்பெறும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டும். பயணக் கடைகளில் கிடைக்கும் உள்ளங்கை அளவு ‘கன்வெர்ட்டர்’ வேறு சாதி. அலையை வெட்டி வெட்டி அனுப்பும் அந்தக் கருவி இஸ்திரிப் பெட்டிக்கும் தலைமுடி உலர்த்திக்கும் உரியது. கணினிக்கு அது எமன். இன்னொன்று, ஸ்டெப் டவுனை மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் காந்தப்புலத்தில் படம் நெளியும். மேலே ஃபிளாப்பி தட்டுகளை வைப்பதும் வேண்டாம்.

வோல்ட் சரியாக வந்த பிறகும் ஆபத்து விலகாத கணினிகள் உண்டு. எக்ஸ்68000 வரிசையின் மின்வழங்கிகளில் கெப்பாசிட்டர்கள் கசிந்து பலகையை அரிப்பது ஊரறிந்த வியாதி. அதை முதன்முதலாக மாட்டுவதற்கு முன் திறந்து பார்க்காதவர் சூதாடுகிறார். பலர் இப்போது பழைய மின்வழங்கியை எடுத்துவிட்டு 100 முதல் 240 வரை எதையும் ஏற்கும் புதியதை உள்ளே வைத்துவிடுகிறார்கள். அத்தோடு ஸ்டெப் டவுனும் வேலை இழக்கிறது. கொமடோர் 64இன் செங்கல் போன்ற மின்வழங்கி இன்னும் மோசம். 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் தரும் அதைப் பிசின் ஊற்றி அடைத்துவிட்டார்கள். சூடு வெளியேற வழியில்லை, பழுது பார்க்கவும் வழியில்லை. வயதாகி அதன் சீராக்கி செத்தால் 5 வோல்ட் நிற்காமல் ஏறும். நினைவகச் சில்லுகள் முதலில் போகும். சுவரில் எத்தனை கச்சிதமான ஸ்டெப் டவுன் வைத்தாலும் இதைத் தடுக்காது. ஆகவே அழுத்தம் ஏறினால் இணைப்பைத் துண்டிக்கும் சிறு பலகை ஒன்றை நடுவில் போடுகிறார்கள்.

அந்த 9 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொமடோரின் 6526 சில்லில் இருக்கும் கடிகாரம் நேரத்தை எண்ணுவது சுவர் மின்சாரத்தின் துடிப்பைக் கொண்டுதான். அமெரிக்காவில் வாங்கிய கொமடோரை பினாங்கில் ஸ்டெப் டவுன் போட்டு மாட்டினால் கணினி ஓடும், ஆனால் அந்தக் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். நொடிக்கு 60 துடிப்பு என்று எண்ணிக் காத்திருக்கும் சில்லுக்கு இங்கே 50தான் கிடைக்கிறது. இதை வடிவமைத்தவர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள். சில்லின் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் ஒரு பிட், 60ஆ 50ஆ என்று சொல்வதற்கென்றே இருக்கிறது. பேசிக் மொழியில் ஒரே வரி எழுதி அந்தப் பிட்டை 1 ஆக்கினால் கடிகாரம் பினாங்கு நேரத்துக்கு ஓடும். கணினியை அணைத்து மறுபடி போட்டால் அந்த வரியையும் மறுபடி அடிக்க வேண்டும்.